அனுஷத்துக்குப் பதினோரு சீட்டு

சேதுராமன் பல்லிடுக்கிலிருந்து ஒரு கறுப்பு எள்ளை நகத்தால் நெம்பி எடுத்து, தட்டின் விளிம்பில் வைத்துவிட்டு, மறுபடியும் சோற்றில் கை வைத்தான். மற்ற வீடுகளில் இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இந்த வீட்டில் எள் கிடையாது. அவன் மனைவி சந்திரமதிக்கு எள் ஒத்துக்கொள்ளாது. ஒன்று வாயில் பட்டாலும் உதடு வீங்கிவிடும். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் எள்ளுருண்டையோ நல்லெண்ணெயோ அந்தச் சமையலறை வாசலைத் தாண்டியதில்லை.

"காலைல எங்க சாப்டீங்க?"

"எங்கயும் இல்லலா. நீ சுட்ட ரொட்டிதான்."

"அப்ப எள்ளு?"

"பக்கத்து வீட்டு மரியம் அக்கா வந்து ஊட்டிட்டுப் போனாங்க. பொறாமையா இருக்கா?"

சிரித்தான். அவன் சிரித்தால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும். அதற்காகவே அவனைக் கட்டிக்கொண்டேன் என்று தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள். பழைய கோட்டைப் பகுதியான பண்டார் ஹிலிரில் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றுவது அவன் வேலை. காலையிலிருந்து அங்கேயும், வீடு இருக்கும் காஜா பேராங்கிலும் மழை ஊற்றியதில் இரண்டு குழுவும் வரவில்லை. இன்று முழுக்க வீட்டிலிருந்து உன் உயிரை வாங்கப் போகிறேன் என்று அறிவித்துவிட்டு, சரோங்கைக் கட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே திரிந்தான்.

அவனுக்குப் பிடித்த கத்திரிக்காய்க் குழம்பு. ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்து ஒதுக்கினான்.

"உப்பு எரியுது மதி."

அவள் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். எப்போதும் போடும் உப்புதான். அவனோ குழம்பு படாத வெறும் சோறாகப் பார்த்து எடுத்து, பிசையாமல், உள்ளங்கையில் வைத்து மெல்ல உருட்டி, எலுமிச்சம்பழம் அளவில் ஒரு உருண்டை ஆனதும் வாய்க்குள் போட்டுக்கொண்டான். மெல்லவில்லை. தொண்டை ஒருமுறை புடைத்து இறங்கியது. அடுத்ததை உருட்ட ஆரம்பித்தான்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கைப்பேசி அடித்தது. சங்கத்தின் செயலாளர் பொன்னுதுரை.

"சாப்ட்டியாமா? கோலாலம்பூர்லருந்து போன் மேல போன். பேரு போட்டா ஐநூத்தி மூணுன்னு வருதாம். அது என்னாமா, பஸ் நம்பரா?"

"உள்ள இருக்க மெசின் பதில் சொல்லலன்னு அர்த்தம் அங்கிள். பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"மூணு மணிக்கு ஐயர் எந்திரிச்சிருவாரு. நானூறு குடும்பம் காத்திருக்கு. இங்க ஏதோ ஏழெட்டு சீட்டுதான் வந்துச்சு, மத்தது ஒன்னும் காணோம்."

"அதுக்குள்ள சரி பண்ணிடுறேன் அங்கிள்."

இன்று மகாளய அமாவாசை. நாடு சுதந்திரமடைந்த மெர்டேக்கா வருஷத்தில், ஆஸ்பத்திரியிலும் எஸ்டேட் கூலிகள் குடியிருந்த லயங்களிலும் கேட்பாரில்லாமல் செத்துப்போனவர்களுக்குக் கொள்ளி வைக்க என்று நகரத்து அலுவலகங்களில் கணக்கெழுதிய கிராணிகள் சிலர் சேர்ந்து ஆரம்பித்த சங்கம் அது. இப்போது வருஷத்துக்கு ஒருமுறை எல்லாருடைய நீத்தாருக்கும் பிண்டம் வைத்துத் தருகிறது. உஜோங் பாசிரில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு மண்டபம். வெளியூரில் இருப்பவர்கள் வலைத்தளத்தில் இறந்தவர் பெயரையும் நட்சத்திரத்தையும் போடுவார்கள். உணவகத்தில் சமையலறைக்கு ஆர்டர் போகுமே, அதே சின்ன அச்சு இயந்திரம் மண்டபத்தில் ஒரு சீட்டைத் துப்பும். ஐயர் சீட்டைப் பார்த்துப் பெயரைச் சொல்ல, பெயருக்கு ஒரு பிண்டம் இலையில் ஏறும். அந்த வலைத்தளத்தைக் கட்டியவள் சந்திரமதி. மண்டபத்தில் உப்புக்காற்று என்பதால் இயந்திரங்கள் இரண்டும் அவள் வீட்டிலேயே, சமையலறையை ஒட்டிய சாமான் அறையில் இருந்தன.

முன்னால் இருப்பது வெப் சர்வர். பின்னால் இருப்பதில்தான் ஜாவா சர்வர் ஓடுகிறது. முதலாவது, வருகிறவரிடம் ஆர்டர் எடுக்கும் பணியாள், இரண்டாவது, சமையலறை. சேதுராமனுக்கு அவள் அப்படித்தான் விளக்கியிருந்தாள். ஐநூற்று மூன்று என்றால், பணியாள் உள்ளே போய்க் குரல் கொடுத்துவிட்டு, யாரும் பதில் சொல்லாமல், வெறுங்கையோடு திரும்பி வருகிறான் என்று பொருள்.

சாமான் அறைக் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. காலையில் லேசாக இருந்தது, இப்போது கனத்திருந்தது. பழைய சோறு புளித்து, அதற்கும் மேலே போய், இனிப்பாகத் திரிந்துவிட்டால் வருமே, அந்த வாடை. கூடவே ஈரத் துணி, கூடவே வெகுநாள் பல் விளக்காத வாய். பல்லி ஏதாவது செத்துக் கிடக்கும் என்று நினைத்தாள். அலமாரிக்கு அடியில் விளக்கடித்துத் தேடினாள். பல்லிப் புழுக்கையும் கரப்பான் முட்டை ஓடும் தவிர ஒன்றுமில்லை. தரை மட்டும் பிசுபிசுத்தது. செருப்பைத் தூக்கினால், ஒட்டி, மெல்லிய சத்தத்தோடு விட்டது.

மூக்கை முந்தானையால் கட்டிக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்தாள். காலை ஒன்பது மணியிலிருந்து இதே வேலை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கேபிள் சரி. முன்னதின் அமைப்பில் ஒரு எழுத்தும் மாறவில்லை. பின்னது உயிரோடுதான் இருக்கிறது, நினைவகம் இருக்கிறது, வட்டு நிரம்பவில்லை. ஆனால் கேட்டால் பதில் இல்லை. ஒன்றைக் கழற்றி, ஒன்றை மாட்டி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரு பதிவைப் போட்டுப் பார்த்திருந்தாள். எட்டு முறை. எட்டு முறையும் ஐநூற்று மூன்று.

ஒன்பதாவது முறை போட்டாள். பரிசோதனைக்கு எப்போதும் போடும் அதே பெயர். முதல் எழுத்தைத் தட்டினால் போதும், மீதியைத் திரை தானே நிரப்பிக்கொள்ளும். அந்தக் கட்டங்களை அவள் பார்ப்பதுகூட இல்லை. அவள் கண், சர்வர் செய்வதையெல்லாம் வரிவரியாகக் குறிக்கும் லாக் ஓடும் கறுப்பு ஜன்னலில் இருந்தது. அனுப்பு.

சமையலறையில் சேதுராமன் இருமினான். தொண்டையில் எதுவோ சிக்கினாற்போல் ஈரமான, நீண்ட இருமல்.

"தண்ணி குடிங்க."

முன் சர்வர் முப்பது நொடி காத்திருந்துவிட்டு, ஐநூற்று மூன்று என்றது.

காத்திருக்கும் நேரத்தை அறுபது நொடியாக மாற்றிவிட்டுப் பத்தாவதைப் போட்டாள். உள்ளே இருமல். இப்போது கூடவே ஒரு சொதசொத சத்தம், வாய் நிறையச் சோறு வைத்துக்கொண்டு பேச முயல்வதுபோல. பதினொன்றாவதைப் போட்டுவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. இருமல்.

எழுந்து போய்ப் பார்த்தாள். சேதுராமன் கழுவுதொட்டியின் மேல் குனிந்து நின்றான். தொட்டிக்குள் வெள்ளையாக, கெட்டியாக, கோழை கோத்த சோறு. அதில் எள், பொறுக்கிப் போட்டதுபோல. அவன் மத்தியானம் சாப்பிட்ட சோறு அதில் பாதிகூட இருக்காது.

"வாந்தியா?"

"இல்ல மதி." அவன் புறங்கையால் வாயைத் துடைத்தான். கை முழுக்கக் கொழகொழவென்று நூலிழுத்தது. "வயித்துலருந்து வரல. வாய்ல வந்து உக்காருது. யாரோ வக்கிற மாதிரி."

அவள் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஈரக்களிமண் மாதிரி இருந்தது. அவனை நாற்காலியில் உட்கார வைத்தாள். முதுகைத் தடவிவிட்டாள். கிளினிக்குப் போகலாம், ஐந்து நிமிஷம் கொடுங்கள், இதை மட்டும் முடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். அவன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். அவன் பிளந்த உதடுகளிலிருந்து அந்த அறையின் வாடை வந்தது.

பல்லி இல்லை. அந்த வாடை அறையிலிருந்து அவனுக்கு ஒட்டியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

இன்னும் ஒரு வழி இருந்தது. ஜாவா சர்வருக்குள் வேலை செய்ய இருநூறு கைகள் உண்டு. ஒரு கோரிக்கை வந்தால் ஒரு கை எடுத்துச் செய்துவிட்டு அடுத்ததற்குப் போகும். எல்லாக் கையும் ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டால் புதிதாக வருகிறவனைக் கவனிக்க ஆளிருக்காது. இந்த நொடியில் ஒவ்வொரு கையும் எங்கே நிற்கிறது என்று பட்டியல் கேட்கலாம். கேட்டாள்.

பட்டியலில் கைகளுக்கு எண்தான் இருக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று.

நல்லையா, 1957. காத்திருக்கிறது.

அஞ்சலை, 1957. காத்திருக்கிறது.

மாணிக்கவாசகம், 1958. காத்திருக்கிறது.

சிவகாமசுந்தரி, 1957, குழந்தை. காத்திருக்கிறது.

இந்தப் பெயர்கள் அவளுக்குத் தெரியும். சங்கத்தின் மிகப் பழைய பதிவேட்டிலிருந்து இரண்டு வருஷத்துக்கு முன் அவளே தட்டி ஏற்றியவை. அட்டை பொடிந்து, பூச்சி அரித்து, தொட்டால் விரலில் மாவாக ஒட்டிய ஏடு. ஊரெல்லாம் கொடியேற்றிய அதே மாதத்தில், அதற்குப் பிறகு வந்த மாதங்களில், ஆஸ்பத்திரி வராந்தாவிலும் லயத்துக் கூடத்திலும் செத்தவர்கள். உறவு என்ற பத்தியில் எல்லாருக்கும் ஒரே சொல்: இல்லை. வருஷா வருஷம் இவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து, கடைசியில், ஒரே ஒரு பிண்டம் வைப்பது வழக்கம்.

பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். இருநூறு பெயர். எல்லாரும் காத்திருந்தார்கள். எல்லாரும் ஒரே ஒரு பொருளுக்காகக் காத்திருந்தார்கள்; யாருக்கும் முன்னே நகர வழியில்லை, யாரும் விலகவும் இல்லை. இருநூறு பேர் ஒரே இலையைச் சுற்றிக் கை நீட்டிக்கொண்டு நிற்பதுபோல. பொருளின் பெயர் கடைசி வரியில் இருந்தது.

சேதுராமன், அனுஷம்.

கொஞ்ச நேரம் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு கண் தானாகப் பக்கத்து ஜன்னலுக்கு, அவள் பதினோரு முறை நிரப்பி அனுப்பிய படிவத்துக்குப் போனது. நீத்தார் பெயர்: சேதுராமன். நட்சத்திரம்: அனுஷம். கொடுப்பவர்: சந்திரமதி.

நகரத்துக் கோயில் ஒன்றுக்கு அர்ச்சனைத் தளமும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அங்கே பரிசோதனைக்கு எப்போதும் புருஷன் பெயரும் நட்சத்திரமும்தான் போடுவாள். சாமி முன்னால் பொய்யான ஒரு பெயரை வாசிக்க விடக் கூடாது என்று ஓர் எண்ணம்; போகிற போக்கில் அவனுக்கு ஒரு அர்ச்சனை ஆகட்டும் என்று ஓர் ஆசை. 'இவ்ளோ அர்ச்சனை பண்ணியும் முடி கொட்டுறது நிக்கலையேலா' என்று அவன் தலையைக் காட்டிக் கேலி செய்வான். அந்தப் பழக்கம் விரலுக்கு ஏறிவிட்டிருந்தது. எந்தப் படிவம் என்று விரலுக்குத் தெரியாது.

கைப்பேசியை எடுத்துப் பொன்னுதுரையை அழைத்தாள்.

"அங்கிள். சேதுராமன்னு சீட்டு வந்துச்சா?"

"வந்துச்சேமா. அது மட்டும்தான வருது. பதினொன்னு." பொன்னுதுரையின் பின்னால் மழையும், ஐயரின் குரலும், தட்டு உரசும் சத்தமும். "ஒங்க வீட்டுக்காரரோட தாத்தாவுக்கும் அதே பேருதானே, தாத்தா பேரத்தான வப்பாங்க, அவருக்குப் போல, விட்டுப் போன வருசத்துக்கெல்லாம் சேத்துக் குடுக்குதுன்னு நெனச்சோம். பதினோரு இல போட்டாச்சு."

"அங்கிள், அது இவரு."

"எவரு?"

"இவருதான். டெஸ்ட்டுக்குப் போட்டேன். இவரு உள்ள உக்காந்திருக்காரு."

பின்னால் ஐயரின் குரல் மட்டும் ஏறி இறங்கியது. பொன்னுதுரை வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல் தணிவாகச் சொன்னார்.

"பயப்படாதமா. காக்கா இன்னும் எடுக்கல. மழைல ஒன்னு கூட கீழ எறங்கல, எல்லாம் கூரை மேல குந்திக்கிட்டு இருக்கு. எடுக்காத வரைக்கும் அது வெறும் சோறுதான். நான் போய் எல்லாத்தையும் அள்ளிக் கடல்ல போட்டுர்றேன். நீ அந்தப் பேர எடுத்துரு. மொதல்ல அந்தப் பேர எடு."

அவள் நீக்கு என்ற பொத்தானை அழுத்தினாள். ஐநூற்று மூன்று. தரவுக்குள் நேராகப் போய்ப் பார்த்தாள். பதினோரு வரி. அழிக்கச் சொன்னாள். பன்னிரண்டு. அவள் கை விசைப்பலகையில் இல்லை. பதின்மூன்று.

சமையலறையில் இருமல் இல்லை. இருமுவதற்கு இடமில்லாததுபோல ஒரு அடைத்த முனகல்.

ஜாவா சர்வரை நிறுத்தினாள். நின்றது. ஓடுபவை பட்டியலில் அது இல்லை. ஆனால் முன் சர்வரின் லாக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது; காலையிலிருந்து முதல்முறையாக அதில் ஐநூற்று மூன்று இல்லை. கேட்டதற்கெல்லாம் உடனுக்குடன் பதில். அவளே எழுதி வைத்த பதில்.

உங்கள் படையல் பெறப்பட்டது.

உங்கள் படையல் பெறப்பட்டது.

இரண்டுக்கும் நடுவிலிருந்த கேபிளைப் பிடுங்கினாள். முனை ஈரமாக இருந்தது. விரலில் வழவழப்பு. திரையில் மறுபடியும், பெறப்பட்டது. பின்னதின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். விளக்குகள் அணைந்தன. விசிறி நிற்கவில்லை. உள்ளே எதையோ கிழித்துக்கொண்டு, சதக், சதக் என்று, மெதுவாகச் சுற்றியது.

பெட்டியைத் தொட்டாள். உடம்புச் சூடு.

திருகாணியைக் கழற்றி மூடியை இழுத்தாள். வரவில்லை. எதுவோ உள்ளேயிருந்து உறிஞ்சிப் பிடித்திருந்தது. காலை ஊன்றிக்கொண்டு இழுத்ததும் பிசினில் இருந்து பிரிவதுபோல ஒரு நீண்ட சத்தத்தோடு விட்டது.

சோறு.

பெட்டி நிறையச் சோறு. பலகைகளுக்கு மேல், கம்பிகளுக்கு இடையில், ஒரு விரல் நுழைய இடமில்லாமல் திணித்து, அழுத்தி, வழித்துவிட்ட சோறு. சாம்பல் பூத்த வெள்ளை. ஓரத்தில் மஞ்சள் நீர் கசிந்து குமிழியிட்டது. பேன் மாதிரி எள். இடையிடையே நரைத்த முடி, சுருண்டு, ஈரமாக. விசிறியின் இறக்கை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்துகொண்டிருந்தது. மேற்பரப்பு முழுக்க விரல் தடம். நாலு நாலாக அள்ளிய தடம். தடித்த விரல்கள். ஒடுங்கிய விரல்கள். சுண்டுவிரல் அளவே இருந்த, ஐந்து சின்னக் குழிகள்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையில் அந்த வழவழப்பு. உதட்டில் பட்டுவிட்டது. எச்சிலை விழுங்க முடியாமல், துப்பிக்கொண்டே, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கைப்பேசி அடித்தது.

"சந்திரமதி." பொன்னுதுரை மூச்சு வாங்கினார். "இலைல ஒன்னுமில்லமா. பதினோரு இலையும் வழிச்சு நக்குன மாதிரி இருக்கு. யாரும் கிட்டகூடப் போகல. ஐயரு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு."

"காக்கா எடுத்துச்சா?"

"இல்ல. அதான் சொல்றேன், எறங்கவே இல்ல. சீட்டு மெசின் இன்னும் ஓடுது. வயரப் புடுங்கிட்டேன், ஓடுது. ஒரே பேரு."

"அங்கிள், காக்கா எங்க?"

"கூரை மேலதான் இருந்துச்சு." அவர் வெளியே போய்ப் பார்த்திருக்க வேண்டும், மழைச் சத்தம் பெரிதானது. "இப்பதான் எல்லாம் கெளம்புச்சு. மழைலயே. ஒங்க பக்கம்தான் வருது. ஜன்னல சாத்துமா."

அவள் ஓடினாள்.

முன்கதவு சாத்தியிருந்தது. கூடத்து ஜன்னல், கண்ணாடித் தகடுகளைப் பிடித்து இழுத்து அடைத்தாள். படுக்கையறை. குளியலறையின் சின்னத் திறப்பு, துண்டைச் சுருட்டி அடைத்தாள். எல்லாம் அடைத்ததும் வீடு இருண்டு, அந்த வாடை மட்டும் தனியாக நின்றது. மழையின் மேல் வேறொரு சத்தம். தகரக் கூரையில் கனமாக எதுவோ வந்து உட்காரும் சத்தம். ஒன்று. நாலு. எண்ண முடியவில்லை.

சேதுராமன் நாற்காலியில் இல்லை. தரையில் உட்கார்ந்திருந்தான். சம்மணம் போட்டு, கைகளை முழங்கால் மேல் மலர்த்தி வைத்து, பின்வாசலைப் பார்த்து. கன்னங்கள் இரண்டும் உப்பிப் பளபளத்தன. கண்ணில் நீர் வழிந்தது. வாய் பிளந்திருந்தது, பிளக்கக்கூடிய அளவுக்கும் அதிகமாக. அதற்குள் சோறு. உதட்டு விளிம்புவரை, வழித்துவிட்ட மாதிரி. மேலே நாலு விரல் தடம்.

"துப்புங்க."

அவன் அவளைப் பார்த்தான். அவன்தான். அவளுடைய சேதுதான். பயந்துபோன பிள்ளை மாதிரி தலையை இடம் வலமாக ஆட்டினான்.

அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, விரலை விட்டுத் தோண்டினாள். சூடாக இருந்தது. அள்ளி எறிந்தாள். சுவரில் ஒட்டியது. மறுபடி அள்ளினாள். கையில் முடி சுற்றிக்கொண்டு வந்தது. அள்ள அள்ள, தொண்டைக்குள்ளிருந்து மெதுவாக, அவசரமில்லாமல், ஏறி வந்து அதே இடத்தில் அதே அளவில் நின்றது. அவள் அள்ளும்போது, உள்ளேயிருந்து எதுவோ அவள் விரல் நுனியைத் தொட்டது. நாக்கு இல்லை. நகம் இருந்தது. சின்னதாக.

கையை உருவிக்கொண்டாள்.

பின்வாசலுக்கு மேலே, சமையல் புகை போக வைத்த திறப்பு. அதை மறந்திருந்தாள்.

காகம் அதில் நின்றது. நனைந்து, சிறகு ஒட்டி, இளைத்துப்போன ஒரு காகம். தலையைச் சாய்த்து அவன் வாயைப் பார்த்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் கறுப்பாக, வானம் தெரியாமல்.

விரட்டினாள். கரண்டியை எறிந்தாள். தட்டை எறிந்தாள். அது இறக்கையை அசைக்கவில்லை. தாவி அடுப்புத் திண்டில் இறங்கியது. ஈரக் காலடியோடு நடந்து வந்தது. தரையில் குதித்தது.

எடுக்காத வரைக்கும் வெறும் சோறுதான்.

அவள் அவன் தலையை மார்போடு அணைத்து, இரண்டு உள்ளங்கையாலும் அவன் வாயை அடைத்தாள். முழு பலத்தோடு. அவன் மீசை அவள் கையில் குத்தியது. உள்ளங்கைக்கு அடியில் சோறு தள்ளியது. வீங்கியது. சூடாக, புளித்து, அவள் விரல் இடுக்குகளில் புழுப்போலப் பிதுங்கி வெளியே வந்தது.

"ஒன்னுமில்ல. நான் இருக்கேன். ஒன்னுமில்ல."

காகம் பறந்து வந்து அவள் மணிக்கட்டில் உட்கார்ந்தது. குளிர்ந்த நகங்கள். கனமே இல்லை. கையை எடுத்தால்தான் உதற முடியும்.

அவள் எடுக்கவில்லை.

அது ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு குனிந்து, அலகை அவள் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில், மெதுவாக, ஊசி கோப்பதுபோல நுழைத்தது.